நிகழ்தகவு கற்பிக்க எந்த மென்பொருள்: விரிதாளா, ஜியோஜீப்ராவா, ஆர் மொழியா?

கடலூர் மாவட்டத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்துவிட்டது. புதுச்சேரிப் பள்ளிகளிலும் கணினி அறை புதிதல்ல. நிகழ்தகவுப் பாடத்தை அந்த அறைக்குக் கொண்டுபோக விரும்பும் கணித ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால்தான் ஒவ்வொருவரும் தமக்குப் பழகியதைச் சொல்கிறார்கள். புள்ளியியல் படித்தவர், புள்ளியியலுக்கென்றே உள்ள கணினி மொழியான ஆர் என்கிறார். பணியிடைப் பயிற்சிக்குப் போய்வந்தவர், கணிதப் படங்களைத் திரையில் அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா என்கிறார். அலுவலகக் கணக்கில் கைதேர்ந்தவர் எக்ஸெல் விரிதாளே போதும் என்கிறார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 9 ஆம் வகுப்பு மாணவிக்கும் 12 ஆம் வகுப்பு மாணவனுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9, 10 ஆம் வகுப்புகளுக்கு லிப்ரே ஆபீஸ் விரிதாள். 11, 12 ஆம் வகுப்புகளுக்கு, ஆசிரியர் முன்கூட்டியே பழகிக்கொள்ள முடியுமானால், ஆர் மொழி. ஜியோஜீப்ரா இரண்டு இடத்திலும் ஆசிரியரின் திரையில் துணைக்கு. வேகத்தையோ அழகையோ வைத்து இந்த முடிவுக்கு வரவில்லை. சோதனைக்குள் நாம் வைத்த அனுமானம் மாணவரின் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்து வந்தேன். அந்த அளவுகோல் ஏன் என்பதை விளக்கத்தான் இந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி செலவாகப் போகிறது.

அதற்குமுன் நம் சூழலைப் பற்றி இரண்டு வார்த்தை. மாநிலப் பாடத்திட்டத்தில் 9, 10, 11 ஆகிய மூன்று வகுப்புகளிலும் நிகழ்தகவு கடைசி அத்தியாயத்தில் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு விடுமுறை விட்டுவிட்டு, திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில்தான் நாம் அதைத் தொடுகிறோம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது மாறியிருக்கும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தின் 10, 11, 12 ஆம் வகுப்பு நூல்களிலும் அது கடைசியில்தான் இருக்கிறது. ஆகவே கருவியைப் பழகவே நான்கு பாடவேளை கேட்கும் எந்த மென்பொருளும் நடைமுறையில் தோற்றுப்போகும். புயல், மழைக் காலத்தில் இணையமும் மின்சாரமும் முதலில் போகும் கடற்கரை ஊர்கள் இவை என்பதால், இணையம் இல்லாமல் இயங்குவதை ஒரு வசதியாகக் கருதாமல் நிபந்தனையாகவே கொள்ள வேண்டும். எஸ்பிஎஸ்எஸ், மினிடேப் போன்ற விலைகொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருள் தொகுப்புகளை இங்கே எடுத்துக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கு அந்தச் செலவு தேவையும் இல்லை.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். நீள்வாட்டான இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். ஒரு முகம் வெறுமையாகவும் மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் இருக்கும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் தாயம் எனப்படும் 1, அதன்பின் 2, 3, 4, 5, 6, இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என ஏழு விளைவுகள் கிடைக்கின்றன. தாயம் விழ என்ன நிகழ்தகவு என்று 9 ஆம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஏழில் ஒன்று என்ற பதில் உடனே வரும். வீட்டில் பாட்டியோடு ஆடி வளர்ந்த பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். அது அறியாமையின் அடையாளம் ஆகாது. 18 ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான தாலம்பேர், இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழும் நிகழ்தகவு மூன்றில் இரண்டு என்று 1754 இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார். சரியான விடை நான்கில் மூன்று. எல்லா விளைவுகளும் சமவாய்ப்புடையவை என்று கணக்கிடாமலே எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் அங்கேயும் இங்கேயும் வேலைசெய்கிறது.

தாயக்கட்டையின் கூறுவெளியில், அதாவது இரண்டு கட்டைகளும் விழக்கூடிய எல்லா வழிகளின் தொகுப்பில், 4 × 4 = 16 கூறுகள் இருக்கின்றன. தாயம் அவற்றில் இரண்டு, எனவே 1/8. 3 என்ற விளைவு நான்கு வழிகளில் விழும், எனவே 1/4. பன்னிரண்டு ஒரே வழியில் மட்டும், 1/16. குழுவுக்கு ஒரு ஜோடிக் கட்டை கொடுத்து 40 முறை உருட்டச் சொன்னால், தாயம் சராசரியாக ஐந்து முறை விழ வேண்டும். ஆனால் திட்ட விலக்கம் (சராசரியைவிட்டு வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 2 என்பதால், ஒரு குழுவுக்கு மூன்றும் அடுத்த குழுவுக்கு எட்டும் வருவது இயல்பு. எல்லாக் குழுக்களின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டி எழுதும்போது, மூன்று எல்லோரையும் முந்துவதும் பன்னிரண்டு பின்தங்குவதும் தெளிவாகத் தெரியும். இந்த முதல் வேலைக்கு மென்பொருள் வேண்டியதில்லை, கைதான் வேண்டும்.

ஏன் கையில் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். மென்பொருள் நாம் நம்புவதையே நமக்குத் திருப்பிச் சொல்லும் என்பதால்தான். ஏழில் ஒன்று என்று நம்பும் மாணவன் 1 முதல் 7 வரை ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளையிட்டால், பத்தாயிரம் முறை ஓட்டினாலும் ஏழில் ஒன்றுதான் வரும். அவன் தன் விடையே நிரூபணமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு எழுந்துபோவான். கட்டையை உருட்டிக் கிடைத்த எண்ணிக்கை ஒரு பக்கம், கணினியில் எழுதிய அனுமானம் மறுபக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போதுதான், எந்த அனுமானம் உலகத்தோடு ஒத்துப்போகிறது என்ற கேள்வியே பிறக்கிறது. ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டையையோ சோழியையோ எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகும். அவை மல்லாந்து விழும் நிகழ்தகவைச் சமச்சீர் காரணம் காட்டிக் கணக்கிட முடியாது. எறிந்து எண்ணித்தான் அறிய வேண்டும், அறிந்ததைத்தான் மென்பொருளுக்குள் கொடுக்க வேண்டும். ஆகையால், சோதனையின் அனுமானம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவர் விரல்வைத்துக் காட்டக்கூடிய மென்பொருளே நல்ல மென்பொருள் என்பது என் கணிப்பு.

விரிதாள் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறுகிறது. முதல் நிரல் முதல் கட்டை, இரண்டாம் நிரல் இரண்டாம் கட்டை. இரண்டிலும் ரேண்ட்பிட்வீன் என்ற சார்பை (ஆயத்தச் சூத்திரத்தை) எழுதி, 0 முதல் 3 வரை ஒரு முழுஎண் வேண்டும் என்கிறோம். மூன்றாம் நிரலில் இரண்டையும் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை பூச்சியம் என்றால் 12 என மாற்ற இஃப் என்ற நிபந்தனைச் சார்பு போதும். முதல் நிரையை எழுதியபின் கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் 1,000 உருட்டல்கள் கீழே இறங்கிவிடும். கவுண்ட்இஃப் கொண்டு ஒவ்வொரு விளைவையும் எண்ணுகிறோம். எஃப்9 விசையை அழுத்தினால் ஆயிரமும் புதிதாக உருளும். கட்டை இரண்டு என்பது இரண்டு நிரல்களாகக் கண்முன் நிற்பதால், ஏழில் ஒன்று என்று சொன்ன மாணவி, தன் சொல்லுக்கு இந்தத் தாளில் இடமே இல்லை என்பதைத் தானே கவனிக்கிறாள்.

எஃப்9 ஐ அழுத்திக்கொண்டே இருக்கும் அந்த ஐந்து நிமிடங்களை வீணான விளையாட்டு என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. தாயத்தின் எண்ணிக்கை 125 ஐச் சுற்றி ஆடும்; திட்ட விலக்கம் சுமார் 10 என்பதால் 104 க்கும் 146 க்கும் இடையில் பெரும்பாலும் நிற்கும். மூன்றின் எண்ணிக்கை 250 பக்கமும் பன்னிரண்டின் எண்ணிக்கை 60 பக்கமும் நகராமல் இருக்கும். இங்கே நல்ல ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஏழில் ஒன்று உண்மையாக இருந்தால் தாயம் 143 முறை வர வேண்டும். எட்டில் ஒன்று உண்மையாக இருந்தாலும் சில சமயம் 143 வந்துவிடுமே, அப்படியானால் தாயத்தை மட்டும் வைத்து ஆயிரம் உருட்டலில் தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது. மூன்றையும் பன்னிரண்டையும் பார்த்தால் சொல்லலாம். எந்தச் சான்று எதைப் பிரித்துக்காட்டும் என்ற புள்ளியியலின் மையக் கேள்வியை, அந்தப் பெயர் சொல்லாமலே 14 வயதுப் பிள்ளைகளிடம் எழுப்பிவிட விரிதாளால் முடிகிறது.

விரிதாளின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் தாள் முழுவதும் மறுபடி உருளும். குறிப்பேட்டில் 118 என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தால் திரையில் 131 இருக்கும், பிள்ளைகள் குழம்புவார்கள். விளைவுகளை நகலெடுத்து மதிப்புகளை மட்டும் ஒட்டுவதை முதல் நாளே பழக்கிவிட்டால் இது தீரும். லிப்ரே ஆபீஸின் 7.0 பதிப்பிலிருந்து தானாக மாறாத சமவாய்ப்பு எண் சார்புகளும் இருக்கின்றன. அதைவிடப் பெரிய இடர், சூத்திரத்தில் கட்டத்தின் முகவரியைப் பூட்டும் டாலர் குறி. உருட்டல்கள் கூடக் கூட, தாயத்தின் ஒப்பு நிகழ்வெண் (மொத்த உருட்டல்களில் தாயம் விழுந்த விகிதம்) எப்படி 0.125 ஐ நோக்கி அமைகிறது என்று கோட்டுப்படம் வரைய, எண்ணும் வீச்சின் தொடக்கத்தைப் பூட்டி, முடிவை மட்டும் நகரவிட வேண்டும். இந்தப் பூட்டும் முறை பெரியவர்களையே தடுமாற வைக்கும். அந்த ஒரு நிரலை ஆசிரியரே எழுதித் தந்துவிட்டு, எஞ்சியதை மாணவர்கள் எழுதுவது நல்லது. சூத்திரத்தில் கமா போடுவதா அரைப்புள்ளி போடுவதா என்பது கணினிக்குக் கணினி மாறும் என்பதால், ஆய்வகக் கணினிகளை முந்தின நாளே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

எக்ஸெல் இருக்கும் இடத்தில் எக்ஸெல்லிலேயே இவை அனைத்தையும் செய்யலாம். லிப்ரே ஆபீஸைச் சொல்வதற்குக் காரணம், அது இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். தமிழ் இடைமுகமும் உண்டு. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தவை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலும் இந்தத் தாளைத் திறக்க முடியும்.

ஜியோஜீப்ராவுக்கு நம் ஊரில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001 இல் தொடங்கிய இந்த மென்பொருளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தங்கள் இணையச் செயல்பாட்டுப் பகுதிகளில் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கின்றன. எனவே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெயர் பழகியது. வடிவியலுக்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். நிகழ்தகவுக்கு வரும்போதுதான் என் தயக்கம். ஆயத்தமாகக் கிடைக்கும் செயல்பாடுகளில் பொத்தானைத் தட்டினால் பகடை உருளும், பட்டைகள் உயரும், எல்லாம் அழகாக இருக்கும். அந்தப் பகடையை உருட்டியது யார், எந்த அனுமானத்தில் என்பது மட்டும் திரைக்குப் பின்னால் போய்விடும். மாணவர் பார்வையாளராகிவிடுகிறார். ஜியோஜீப்ராவுக்குள்ளேயே விரிதாள் காட்சியும் சமவாய்ப்பு எண் கட்டளையும் இருக்கின்றன என்பது உண்மை. அவற்றைக் கொண்டு மாணவரே சோதனையைக் கட்டலாம். ஆனால் அப்படிக் கட்டுவதென்றால் லிப்ரே ஆபீஸில் கட்டுவதே எளிது.

அதேசமயம், 12 ஆம் வகுப்பில் ஈருறுப்புப் பரவல் (இத்தனை முயற்சிகளில் எத்தனை வெற்றி என்பதன் நிகழ்தகவுகள்) நடத்தும்போது ஜியோஜீப்ராவின் நிகழ்தகவுக் கணிப்பானுக்கு ஈடு இல்லை. முயற்சிகளின் எண்ணிக்கையையும் வெற்றி நிகழ்தகவையும் மாற்ற மாற்ற, பரவலின் உருவம் ஒரு பக்கம் சாய்வதும் நிமிர்வதும் உடனுக்குடன் தெரியும். ஒரு வீச்சைத் தேர்ந்தெடுத்தால் அதன் நிகழ்தகவு கீழே எழுதப்படும். கரும்பலகையில் அரை மணி நேரம் வரைந்தாலும் இந்த அசைவைக் காட்ட முடியாது. மடிக்கணினியும் ஒளிப்படக்காட்டியும் மட்டும் இருக்கும் வகுப்பறையில், ஆசிரியர் ஒருவரே இயக்கிக் காட்ட இதுவே முதல் தேர்வு. நிறுவிக்கொண்டால் இணையமும் தேவையில்லை.

அமெரிக்காவின் கன்கார்ட் கன்சார்ட்டியம் தரும் கோடாப் என்ற இலவசத் தளத்தையும் ஒரு வரியில் கடந்துவிட முடியவில்லை, ஏனெனில் பள்ளி மாணவர்களுக்காகவே சிந்தித்துச் செய்யப்பட்ட கருவி அது. அதில் ஒரு பெட்டிக்குள் பந்துகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எடுத்த விளைவுகள் அட்டவணையில் தாமாகச் சேரும். அட்டவணையிலிருந்து ஒரு தலைப்பை இழுத்து வரைபடத்தில் போட்டால் படம் உருவாகும். என் அளவுகோலின்படி இது விரிதாளையும் மிஞ்சுகிறது. உலாவியில் இயங்குவதால் நிலையான இணைய இணைப்பு வேண்டும் என்பது ஒன்றே அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. புதுச்சேரி நகரத்தில் நல்ல இணைப்புள்ள பள்ளி என்றால், 9, 10 ஆம் வகுப்புகளுக்கு விரிதாளுக்கு முன்பே இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆர் மொழியைப் பற்றிப் பேசும்போது இரண்டு மிகைகளைக் கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது முடியவே முடியாது என்பது ஒன்று. எதிர்கால வேலைக்கு அதுதான் வழி, எனவே 8 ஆம் வகுப்பிலேயே தொடங்கலாம் என்பது மற்றொன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தம் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துவதற்காகவே 1990களின் தொடக்கத்தில் இதை எழுதத் தொடங்கினார்கள், 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. கற்பித்தலுக்காகப் பிறந்த மொழி என்பதால், நிகழ்தகவுக்குத் தேவையானவை அதன் அடித்தளத்திலேயே இருக்கின்றன.

ஒரு சிறு நிகழ்வைக் கிட்டே நின்று பார்ப்போம். பகடையைப் பத்து முறை உருட்ட வேண்டும் என்று மாணவர் சாம்பிள் என்ற சார்புக்குள் 1 முதல் 6 வரை, 10 என்று எழுதுகிறார். ஆர் மறுக்கிறது: இருக்கும் தொகுதியைவிடப் பெரிய மாதிரியை எடுக்க முடியாது என்கிறது. ஆறு எண்கள்தான் இருக்கின்றன, பத்து எடுக்கச் சொல்கிறாய் என்கிறது. முதலில் மாணவர் இதைக் கணினிக் கோளாறு என்று நினைப்பார். சற்று விட்டுப்பிடித்தால் அவரே கண்டுகொள்வார். எடுத்ததைத் திரும்ப வைக்காமல் எடுப்பதாக ஆர் புரிந்துகொண்டிருக்கிறது. பகடையில் ஒருமுறை விழுந்த எண் மறுபடியும் விழலாம் என்பதை அதற்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ரீப்ளேஸ் என்ற ஒரு சொல் இருக்கிறது. பாடநூலில் பையிலிருந்து பந்துகளைத் திரும்ப வைத்து எடுப்பது, திரும்ப வைக்காமல் எடுப்பது என்று வரும் கணக்குகளை எத்தனை மாணவர்கள் வரியைச் சரியாகப் படிக்காமல் தவறவிடுகிறார்கள் என்பது விடைத்தாள் திருத்துபவர்களுக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை எழுதாமல் ஓர் அடி நகர முடியாது என்று பிடித்து நிறுத்தும் மென்பொருளை நான் மதிக்கிறேன். சார்புநிலை நிகழ்தகவுக்கும் சார்பிலா நிகழ்ச்சிகளுக்கும் இதைவிட நல்ல நுழைவாயில் கிடைப்பது அரிது.

அடுத்தது, விரிதாள் மூச்சுவாங்கும் இடம். 1654 இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொள்ளக் காரணமாயிருந்த சூதாட்டக் கேள்விகளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒருமுறையாவது ஆறு விழுமா என்று பந்தயம் கட்டுவது லாபமா? இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு ஒருமுறையாவது விழுமா என்று கட்டுவது லாபமா? முதலாவதன் நிகழ்தகவு 0.5177, இரண்டாவதன் நிகழ்தகவு 0.4914. இரண்டாவதைச் சோதனையால் மட்டும் பாதியைவிடக் குறைவு என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, 24 உருட்டல்கள் கொண்ட ஆட்டத்தை 13,000 முறைக்கு மேல் ஆட வேண்டியிருக்கும். விரிதாளில் இதைச் செய்தால் பழைய ஆய்வகக் கணினி உறைந்துவிடும். ஆர் மொழியில் ஓர் ஆட்டத்தை இரண்டு மூன்று வரிகளில் எழுதி, ரெப்ளிகேட் என்ற சார்பிடம் ஒரு லட்சம் முறை என்று ஒப்படைத்தால், கொஞ்ச நேரத்தில் விடை வந்துவிடும். நிகழ்தகவு என்றால் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதில் வெற்றி பெறும் விகிதம் என்ற கருத்து, அந்தக் கட்டளைகளின் உருவத்திலேயே இருக்கிறது. ஓர் ஆட்டம் எது, அதை எத்தனை முறை ஆடினோம், வெற்றி என்று எதை எண்ணினோம் என்ற மூன்றையும் மாணவர் தனித்தனியே எழுதியாக வேண்டும்.

கணினி உண்மையிலேயே குலுக்குகிறதா என்று யாராவது ஒரு மாணவி நிச்சயம் கேட்பாள். செட் சீட் என்ற கட்டளைக்குள் வகுப்பு முழுவதும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு ஓட்டினால், எல்லாத் திரைகளிலும் ஒரே வரிசையில் ஒரே விளைவுகள் வரும். ஆரின் இயல்பான முறையான மெர்சென் ட்விஸ்டர், 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வடிவமைத்த ஒரு கணக்கீடு என்பதையும், சமவாய்ப்பு போலத் தோன்றும் எண்களை ஒரு திட்டவட்டமான விதியே தருகிறது என்பதையும் அப்போது சொன்னால், அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையைச் செய்ததாகும். விரிதாளில் இதைக் காட்டுவது எளிதல்ல.

ஆரின் தடைகள் மூன்று. அடைப்புக்குறி, கமா, பெரிய எழுத்து சிறிய எழுத்து எல்லாவற்றிலும் கறாராக இருக்கும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழி மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இது மனச்சோர்வைத் தரும். எனவே ஆசிரியர் அடிக்கடி வரும் நான்கைந்து பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவைப்பது பெரிய உதவி. இரண்டாவது, தலை, பூ என்று விளைவுகளைத் தமிழிலேயே எழுதும் ஆசை. 2022 இல் வந்த 4.2 பதிப்பு முதல் புதிய விண்டோஸ் கணினிகளில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும். பழைய விண்டோஸில் எழுத்துக்குப் பதில் குறியீட்டு எண்கள் தெரியக்கூடும். லினக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்றாவதுதான் கடினமானது: ஆசிரியரே கற்க வேண்டும். கோடை விடுமுறையில் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பள்ளிக்குத் தேவையான அளவு வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறைகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் முதுகலை மாணவர்களை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்தால், ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகவே கற்கலாம்.

பைதான் ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. மாநிலப் பாடத்திட்டத்தின் 12 ஆம் வகுப்புக் கணினி அறிவியலிலும் சிபிஎஸ்இ மேல்நிலை வகுப்புகளிலும் அதுதான் கற்பிக்கப்படுகிறது. கணினி அறிவியல் எடுத்த பிரிவுக்கு மட்டும் நடத்துவதென்றால் நான் பைதானையே சொல்வேன். தெரிந்த மொழியை விட்டுப் புதியது எதற்கு? ஆனால் கணிதத்தோடு உயிரியல் எடுத்த பிள்ளைகளும் அதே நிகழ்தகவு அத்தியாயத்தைப் படிக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டுமே புதியவை. படம் வரைய பைதானில் தனித் தொகுப்பை நிறுவ வேண்டியிருக்கும். ஆரில் நிகழ்வுச் செவ்வகம் வரைய ஒரு சொல் போதும்.

மேல்நிலை வகுப்புகளுக்கு மென்பொருளை வலியுறுத்த எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது இந்தக் கடற்கரையைச் சேர்ந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. போன முறை அடித்துவிட்டது, இனி சில வருடம் வராது என்று பேசும் வீடுகளிலிருந்துதான் நம் மாணவர்கள் வருகிறார்கள். ஓர் ஆண்டில் பெரிய புயல் வரும் நிகழ்தகவு 1/10 என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டு, ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் அனுமானித்து, பத்தாண்டுகளைப் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்க்கட்டும். ஏறக்குறைய 35 விழுக்காட்டுப் பத்தாண்டுகளில் புயலே இல்லை. 26 விழுக்காட்டுப் பத்தாண்டுகளில் இரண்டோ அதற்கு மேலோ வருகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற சொல் ஒழுங்கான இடைவெளியைக் குறிக்காது என்பதை அந்தத் திரை காட்டிவிடும். பிறகு ஆசிரியர் கேட்க வேண்டியது: ஆண்டுகள் சாராதவை என்று நாம் வைத்துக்கொண்டது சரிதானா, 1/10 ஐ எங்கிருந்து எடுத்தோம்? ஆர் கட்டளைகளில் அந்த இரண்டு அனுமானங்களும் ஒரே வரியில் நிற்கும், விரல்வைத்துக் காட்டலாம். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாத நிகழ்தகவு 0.34 என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால், இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழுந்தே தீரும் என்ற நம்பிக்கையும் அதே கணக்கில் அடங்குவதை அவர்களே காண்பார்கள்.

100 முறை நாணயம் சுண்டினால் தொடர்ந்து ஐந்தோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழும் நிகழ்தகவு சுமார் 97 விழுக்காடு என்பதும் 11 ஆம் வகுப்புக்கு நல்ல பயிற்சி. பாதி வகுப்பு உண்மையிலேயே சுண்டட்டும், மறுபாதி மனத்தில் நினைத்து எழுதட்டும். நினைத்து எழுதியவர்கள் ஐந்து பூக்களைத் தொடர்ந்து எழுதத் துணிவதில்லை. தொடர்களின் நீளத்தை எண்ண ஆரில் தனிச் சார்பே இருக்கிறது, விரிதாளில் இது தலைவலி.

நேரத்தைப் பங்கிடுவது பற்றி: கடைசி அத்தியாயம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விரிதாளைப் பழக்கும் வேலையை ஜூலையிலேயே, வேறு பாடத்தின் அட்டவணைகளோடு ஒரு பாடவேளையில் முடித்துவிட்டால், நிகழ்தகவுக்கு இரண்டு பாடவேளைகள் போதும்: ஒன்று கட்டைக்கு, ஒன்று கணினிக்கு. 11, 12 ஆம் வகுப்புகளில் ஆர் மொழிக்கு மூன்றாவது ஒன்று வேண்டும். புதுச்சேரிப் பள்ளிகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. சிபிஎஸ்இ மேல்நிலைக் கணிதத்தின் அகமதிப்பீட்டில் கணிதச் செயல்பாடுகளுக்கு 10 மதிப்பெண் உண்டு. தாயக்கட்டைச் சோதனையையும் அதன் கணினி வடிவத்தையும் ஒரு செயல்பாடாகவே பதிவேட்டில் எழுதலாம். கடலூர்ப் பக்கத்து ஆசிரியர், தேர்வுக்கு உதவுமா என்ற பெற்றோரின் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். கூறுவெளியை முழுமையாக எழுதாமல் விளைவுகளை எண்ணிவிடுவதுதான் 10 ஆம் வகுப்பு விடைத்தாள்களில் மதிப்பெண்ணை இழக்கும் இடம். இரண்டு நிரல்களில் கட்டையை உருட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு, இரண்டு பகடைகளுக்கு 36 என்று ஏன் எழுதுகிறோம் என்பதை மறுபடி விளக்க வேண்டியிருக்காது.